சிகிச்சைக்காகச் சென்னையில் தங்குவோர்க்கு ஒரு வழிகாட்டி

புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வெளியூர்களிலிருந்து சென்னைக்கு வருவோரை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் அவர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். எங்கே தங்குவது, எப்படி வந்து போவது, எதை உண்பது என்னும் கேள்விகளை மட்டும், இவற்றையெல்லாம் மருத்துவரிடம் கேட்கலாமா என்று தயங்கி விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இவையும் சிகிச்சையின் பகுதிகளே. மருந்து சரியாக அமைந்தும், தங்கிய இடம் தொலைவில் இருந்ததால் காய்ச்சலுடன் காலம் தாழ்த்தி வருவோர் உண்டு. கையிருப்பு தீர்ந்து, சொல்லாமலே பாதியில் ஊர் திரும்புவோரும் உண்டு. இவ்விரண்டும் முன்கூட்டிய ஏற்பாட்டினால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை. அதற்கு உதவும் செய்திகளை இப்பாடத்தில் தொகுத்துத் தருகிறோம்.

எத்தனை நாள் என்பதை முதலில் அறிதல்

தங்குமிடம் தேடுமுன் எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை பொதுவாக வாரத்திற்கு 5 நாட்கள் அளிக்கப்படுகிறது. நோயின் இடத்தையும் நோக்கத்தையும் பொறுத்து அது ஒரு வாரத்தில் முடியலாம். 5 முதல் 7 வாரங்கள் வரை நீளவும் கூடும். இயந்திரத்தின் கீழ்ப் படுத்திருப்பது சில நிமிடங்களே. ஆயினும் அந்தச் சில நிமிடங்களுக்காக நாள்தோறும் வர வேண்டும். ஆகவே இச்சிகிச்சை பெறுவோர் முழுக் காலமும் மருத்துவமனைக்கு அருகில் தங்குவதே நல்லது.

கீமோ எனப்படும் மருந்துச் சிகிச்சையின் கணக்கு வேறு. பல மருந்துகள் 21 நாட்களுக்கு ஒரு முறை செலுத்தப்படுகின்றன. இடைப்பட்ட நாட்களில் ஊருக்குச் செல்லலாமா என்பது அனைவரும் கேட்கும் கேள்வி. பல மருந்துகளில், மருந்து ஏறிய நாளிலிருந்து ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைகின்றன. கிருமித்தொற்று அஞ்சத்தக்க காலம் அதுவே. முதற்சுற்றின்போது உடல் எவ்வாறு ஏற்கும் என்பது யாருக்கும் தெரியாது. எனவே முதல் இரண்டு வாரங்களையேனும் சென்னையில் கழிப்பது பாதுகாப்பு. அடுத்த சுற்றுகளில், உங்கள் ஊருக்கு அருகே இரவிலும் இயங்கும் மருத்துவமனை ஒன்று இருக்குமானால், எங்களிடம் கூறிவிட்டு ஊருக்குச் செல்லலாம்.

ஊரிலிருந்து புறப்படுமுன்

திசுப் பரிசோதனை ஏற்கெனவே நடந்திருந்தால், அறிக்கை மட்டும் போதாது. கண்ணாடி ஸ்லைடுகளையும், திசு பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டியாகிய பிளாக்கையும் அந்த ஆய்வகத்தில் கேட்டுப் பெற்று வர வேண்டும். அவை இல்லையெனில் மீண்டும் திசு எடுக்க நேரலாம்; அதனால் நாட்கள் கழியும். ஸ்லைடுகளை உடையாத சிறு பெட்டியில் வைக்க வேண்டும். மெழுகுக் கட்டி வெப்பத்தில் இளகக்கூடியது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதனை விட்டுவிடக் கூடாது. ஸ்கேன் படங்கள், அவற்றின் குறுந்தகடு, முந்தைய மருத்துவமனைகளின் விடுவிப்புச் சுருக்கம், இப்போது உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகிய அனைத்தையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் அடுக்கிக் கொண்டு வாருங்கள்.

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றின் அசலும் நகல்களும் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படுகிறது. சிகிச்சை தொடங்குமுன் முன் அனுமதி பெற வேண்டும். ஆதாரில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் வேறு பெயரும் இருந்தால் அந்த அனுமதி தடைப்படுகிறது. தலைப்பெழுத்து மாறியிருப்பதும் போதும். ஊரிலேயே இ-சேவை மையத்தில் இதனைச் சரிசெய்து கொண்டு வருவது எளிது. சென்னைக்கு வந்தபின், ஒரு சான்றுக்காகவே ஒருவர் ஊருக்குத் திரும்பிச் செல்ல நேரிடும். அறை வாடகை, வெளியுணவு, ஆட்டோக் கட்டணம் ஆகியவை காப்பீட்டுக்குள் வாரா என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இரயிலில் புற்றுநோயாளிகளுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. படுக்கை வசதி வகுப்பிலும் குளிர்சாதன மூன்றடுக்கிலும் நோயாளிக்குக் கட்டணமில்லை. உடன் வருபவருக்கு 75 விழுக்காடு சலுகை. சிகிச்சைக்காக அல்லது மறுபரிசோதனைக்காகச் செய்யும் பயணத்திற்கே இது பொருந்தும். மருத்துவமனை அளிக்கும் உரிய படிவத்தை முன்பதிவு நிலையத்தில் காட்ட வேண்டும். முதற்பயணத்தில் இதனை அறியாதவர்கள் திரும்பும் பயணத்திற்கேனும் எங்கள் அலுவலகத்தில் படிவத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

சென்னையில் எங்கே இறங்குவது

சென்னை என்று பயணச்சீட்டில் இருந்தாலும், இறங்கும் இடங்கள் பல. தென்மாவட்டங்களிலிருந்து வரும் பேருந்துகளுக்கு 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையமே எல்லை. அது வண்டலூரை அடுத்தது. அங்கிருந்து நகரின் நடுப்பகுதிக்கு மாநகரப் பேருந்தில் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகலாம். தென்மாவட்ட இரயில்கள் எழும்பூரிலோ தாம்பரத்திலோ நிற்கும். கோவை, சேலம் வழி வருபவை பெரும்பாலும் சென்ட்ரலில் நிற்கும். எனவே முனையத்தின் பெயரைப் பயணச்சீட்டில் பார்த்து, அங்கிருந்து மருத்துவமனைக்கு வரும் வழியை முன்பே எங்கள் விசாரணைப் பிரிவில் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நலம்.

மெட்ரோ இரயிலில் இரு தடங்கள் உள்ளன. ஒன்று விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரையிலும், மற்றொன்று சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை வரையிலும் செல்கின்றன. சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் தடம் மாறலாம். காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை வண்டிகள் உண்டு. மின்தூக்கியும் குளிர்சாதனமும் இருப்பதால் நடக்க இயலாதவர்களுக்கும் களைத்தவர்களுக்கும் அது ஏற்றது. புதிய தடங்களுக்கான பணிகள் பல சாலைகளில் நடைபெறுவதால் பேருந்துகளும் ஆட்டோக்களும் சுற்றிச் செல்கின்றன. முதல் நாள் சந்திப்புக்கு, அன்று காலையில் வந்து சேரும் வண்டியை நம்ப வேண்டாம். முந்தைய நாளே வந்துவிடுங்கள்.

ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். செல்பேசிச் செயலி வழியாக வண்டி அழைப்பது தெரிந்தவர் உடன் இருந்தால், அதில் காட்டும் தொகை ஓர் அளவுகோலாகும். இரயில் நிலைய வாசலில், மலிவான அறை இருக்கிறது என்றும், இதைவிட நல்ல மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன் என்றும் கூறுவோருடன் செல்ல வேண்டாம். மருத்துவரைச் சந்திக்கவோ, டோக்கன் பெறவோ, வரிசையில் முந்தவோ யாருக்கும் தனியே பணம் தர வேண்டியதில்லை. அவ்வாறு எவரேனும் கேட்டால் உடனே எங்களிடம் தெரிவியுங்கள்.

அறையைத் தேர்ந்தெடுத்தல்

அறையின் தொலைவைக் கிலோமீட்டரில் அளக்காமல் நேரத்தில் அளக்க வேண்டும். பிற்பகல் 2 மணிக்கு 20 நிமிடத்தில் கடக்கும் சாலையை மாலை 6 மணிக்குக் கடக்க ஒரு மணி நேரமாகலாம். நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் எவ்வளவு நேரத்தில் மருத்துவமனைக்கு வர இயலும், அந்த நேரத்தில் வண்டி கிடைக்குமா என்பதே அறையைத் தேர்ந்தெடுக்கும் முதற்கேள்வி. வாடகை நாளொன்றுக்கு 200 ரூபாய் குறைவென்று தொலைவில் தங்குவோர், இருவர் நாள்தோறும் வந்துபோகும் ஆட்டோச் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பல வேளைகளில் அந்தச் சிக்கனம் சிக்கனமாக இருப்பதில்லை.

அறையைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கழிப்பறை அறையோடு சேர்ந்திருக்க வேண்டும். கால் வலுவிழந்தவர்களுக்கு உட்காரும் வகைக் கழிப்பறை வேண்டும். படியேறும் தேவை குறைவாக இருக்க வேண்டும். சன்னலுக்குக் கொசுவலை உண்டா, தண்ணீர் எந்நேரமும் வருமா, கஞ்சி காய்ச்சவேனும் மின்னடுப்பு பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். மின்கட்டணம் வாடகையில் அடங்குமா, தனியா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில வாரங்களுக்காக வீடு எடுத்துப் பெருந்தொகையை முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். நாள் வாடகைக்கோ வார வாடகைக்கோ எடுத்து, ஒவ்வொரு முறையும் இரசீது பெறுங்கள். நோயாளிகளுக்காக அறக்கட்டளைகள் நடத்தும் குறைந்த கட்டணத் தங்குமிடங்களும் நகரில் உள்ளன. அவற்றின் பட்டியல் எங்கள் மருத்துவ சமூகப் பணியாளரிடம் இருக்கிறது. இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், சிகிச்சைத் தேதி உறுதியான அன்றே கேளுங்கள்.

உறவினர் வீட்டில் தங்குவது மனத்துக்கு ஆறுதலானது. ஆயினும் அவ்வீடு ஆவடியிலோ கூடுவாஞ்சேரியிலோ இருந்தால் நாள்தோறும் வந்துபோவதே நோயாளியைக் களைப்படையச் செய்யும். வீட்டில் சின்னம்மை, அம்மைக்கட்டு, சளிக்காய்ச்சல் கண்ட குழந்தைகள் இருந்தால் வெள்ளணு குறைந்தவர் அங்கே தங்கலாகாது. உறவினர் மனம் நோகுமே என்று தயங்குவோர், இது மருத்துவர் சொன்ன கட்டுப்பாடு என்று தாராளமாக எங்கள் மேல் பொறுப்பைப் போடலாம்.

உணவும் நீரும்

வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் உணவின் விதி எளியது: கண்முன்னே வெந்ததாகவும் சூடாகவும் இருப்பதை உண்ணலாம், ஆறிப்போனதையும், பச்சையாக இருப்பதையும், பலர் கைபட்டதையும் தவிர்க்க வேண்டும். ஆவி பறக்கும் இட்லி நல்லது. அதனுடன் காலையிலிருந்து வாளியில் இருக்கும் தேங்காய்ச் சட்னி வேண்டாம், கொதிக்கும் சாம்பார் போதும். தெருவோரத்தில் நறுக்கி வைத்த பப்பாளி, தர்பூசணி, ஐஸ் கலந்த கரும்புச்சாறு ஆகியவை கூடா. தோல் உரித்து உண்ணும் வாழைப்பழம், ஆரஞ்சு ஆகியவற்றைக் கழுவி, அறையிலேயே உரித்து உண்ணலாம். உடல் எடை குறையாமலிருக்க முழுவதும் வெந்த முட்டை, பருப்பு, காய்ச்சிய பால் ஆகியவற்றை நாள்தோறும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குறைந்த செலவில் உண்ண விரும்புவோர்க்கு, 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அம்மா உணவகங்கள் நகரெங்கும் உள்ளன. அரசுப் பொது மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளின் வளாகங்களிலும் உண்டு. அங்கே இட்லி ஒரு ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். உணவு வேளையின் தொடக்கத்திலேயே சென்றால் சூடாகக் கிடைக்கும்.

குடிநீருக்குப் பெரும்பாலான விடுதிகளில் 20 லிட்டர் கேன் வைக்கிறார்கள். மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திறந்த கேன் பல நாட்கள் கிடக்கக் கூடாது. மருந்துச் சிகிச்சை பெறுவோர் அந்நீரையும் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுவது பாதுகாப்பு.

நாள்தோறும் வந்து போதல்

மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021ஆம் ஆண்டு முதல் மகளிர்க்குக் கட்டணமில்லை. மாற்றுத்திறனாளிக்கும் அவருடன் வரும் ஒருவர்க்கும் இச்சலுகை உண்டு. இது தெரியாமல் ஆட்டோவுக்கே பணத்தைச் செலவிடுவோர் உண்டு. எனினும் காலை 8 முதல் 10 மணி வரையிலும், மாலை 5 முதல் 8 மணி வரையிலும் பேருந்தில் நெரிசல் மிகுதி. கதிர்வீச்சுக்கான நேரம் ஒதுக்கும்போது, நண்பகலை ஒட்டிய நேரம் கிடைக்குமா என்று கேளுங்கள். இயந்திரத்தில் இடம் இருந்தால் நாங்கள் மாற்றித் தருகிறோம். நெரிசலில் முகக்கவசம் அணிய வேண்டும்.

சென்னையின் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை அதிகம். கதிர்வீச்சுக்காகத் தோலில் இடப்பட்ட மைக்குறிகள் வியர்வையால் மங்கக்கூடும். அவ்விடத்தைத் தேய்க்காமல், தளர்ந்த பருத்தி ஆடை அணிந்து வாருங்கள். குறி மங்கினால் நீங்களே மையால் வரைய வேண்டாம்; எங்கள் பணியாளர் சரிசெய்வார்.

மழையும் பண்டிகையும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. இம்மாதங்களில் தாழ்வான பகுதிகளில் தரைத்தள அறை எடுக்க வேண்டாம். முதல் தளம் போதும். கனமழை எச்சரிக்கை வந்தால், ஒரு வாரத்திற்கான மாத்திரைகளும், குடிநீரும், மின்னேற்றிய செல்பேசியும் கையில் இருக்கட்டும். மே மாதத்தில் நிலைமை நேர்மாறானது. வெயிலில் வரிசையில் நிற்பதே சிலரை மயங்கச் செய்யும். குடையும் நீரும் இன்றி வெளியே செல்லக் கூடாது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குச் சென்று வர அனைவரும் விரும்புவது இயல்பே. ஆனால் கதிர்வீச்சு இடையில் நின்றால், எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருக வாய்ப்பு ஏற்படுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்களிலும் கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் இது மிகவும் முக்கியம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முழுக் கதிர்வீச்சும் கூடியவரை 8 வாரங்களுக்குள் முடிய வேண்டும். விடுமுறையால் விடுபடும் நாட்களை ஈடுசெய்ய நாங்களே திட்டமிடுகிறோம். அதற்கு மேல் நீங்களும் நாட்களைச் சேர்த்துக்கொண்டால் ஈடுசெய்வது கடினமாகும். ஊருக்குச் செல்வது தவிர்க்க முடியாததாக இருந்தால், பயணச்சீட்டு எடுக்குமுன் எங்களிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல்: மறக்கக் கூடாத விதி

இப்பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும். கீமோ பெறும் நோயாளியின் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், ஆகிவிட்டால் அது அவசர நிலை. வெள்ளணு குறைந்த உடலில் தொற்று சில மணி நேரத்தில் இரத்தம் முழுவதும் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். அறையில் வெப்பமானி கட்டாயம் இருக்க வேண்டும். குளிரும் நடுக்கமும் கண்டால், வெப்பமானி எதைக் காட்டினாலும் உடனே புறப்பட வேண்டும்.

பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மாத்திரை வெப்பத்தைத் தணிக்குமேயன்றித் தொற்றை நீக்காது. ஆபத்தை மறைத்துவிடவும் செய்யும். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கவும் வேண்டாம். எந்நேரமானாலும் எங்கள் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வண்டி கிடைக்காவிடில் 108ஐ அழையுங்கள். ஊரில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால், சென்னைக்குப் பேருந்து ஏறாமல், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, எங்கள் கீமோ அட்டையைக் காட்டுங்கள். காய்ச்சல் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து ஏறத் தொடங்க வேண்டும் என்பதே எங்கள் இலக்கு. அறை அருகில் இருக்க வேண்டுமென்று மேலே வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

உடனிருப்பவரின் நலம்

உடன் வருபவர் தம் சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் ஊரிலேயே விட்டுவிட்டு வருவதை அடிக்கடி காண்கிறோம். நோயாளியின் கோப்போடு அவர் மாத்திரைகளும் வர வேண்டும். நோயாளி உண்ணவில்லை என்பதற்காக அவரும் பட்டினி கிடக்கக் கூடாது. 6 வாரங்களையும் ஒருவரே சுமப்பது கடினம். இருவர் அல்லது மூவர் முறைவைத்து மாறுவது நல்லது. மாறும்போது, மருந்து வேளைகள், அடுத்த சந்திப்புத் தேதி, காய்ச்சல் விதி ஆகிய மூன்றையும் தாளில் எழுதிப் புதிதாக வருபவரிடம் கொடுக்க வேண்டும்.

கைப்பொருள் குறையும்போது

பணம் தீர்ந்துவிட்டதால் சிகிச்சையை நிறுத்துவோர் பலர் அதனை எங்களிடம் சொல்வதில்லை. அடுத்த தேதிக்கு அவர்கள் வாராதபோதுதான் நாங்கள் அறிகிறோம். சொல்லியிருந்தால் செய்யக்கூடியவை பல இருந்திருக்கும். மருந்துச் சுற்றுகளுக்கு இடையிலான இரத்தப் பரிசோதனைகளை உங்கள் ஊரிலேயே செய்து முடிவை அனுப்பலாம். மதுரை, கோயம்புத்தூர், தஞ்சாவூர், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒன்றில் எஞ்சிய சிகிச்சையைத் தொடர முடியுமா என்று பார்த்து, உரிய கடிதத்தோடு அனுப்பிவைக்க நாங்கள் அணியமாக இருக்கிறோம். அவ்வாறு கேட்பதை எந்த மருத்துவரும் தவறாக எண்ணமாட்டார். பாதியில் நின்ற சிகிச்சையைவிட, வேறிடத்தில் முழுமை பெற்ற சிகிச்சை எவ்வளவோ மேல்.

கையிருப்பு பாதியாகக் குறையும்போதே மருத்துவ சமூகப் பணியாளரைச் சந்தியுங்கள். முழுவதும் தீரும்வரை காத்திருக்க வேண்டாம். இப்பக்கத்தை உங்கள் கோப்பின் முதல் தாளாக வைத்து, அதன் மேற்புறத்தில் எங்கள் அவசரப் பிரிவின் எண்ணையும், நீங்கள் தங்கியுள்ள விடுதியின் முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 108 ஊர்தியை அழைக்கும்போது அவர்கள் முதலில் கேட்பது நீங்கள் இருக்கும் இடத்தையே.